கப்பலில் டிப்ஸ்: தினத் தொகைக்கு மேல் யாருக்கு, எவ்வளவு?

மயாமியிலிருந்து கரீபியன் தீவுகளுக்கு ஏழு இரவு கப்பல் பயணம் புக் செய்தால், டிக்கெட் விலைக்குக் கீழே இன்னொரு வரி இருக்கும்: ஆளுக்கு ஒரு நாளைக்கு இத்தனை டாலர் கிராச்சுவிட்டி, அதாவது ஊழியர்களுக்கான டிப்ஸ். முதல்முறை போகிறவர்களுக்குக் குழப்பம் அங்கேயே ஆரம்பித்துவிடும். இதைக் கட்டிவிட்டால் போதுமா, கப்பலில் ஏறியபிறகு கையிலும் கொடுக்க வேண்டுமா? கொடுப்பதென்றால் யாருக்கு, எவ்வளவு? கூட வந்தவர்களில் ஒருவர் "ஒரு டாலர்கூடத் தரவேண்டாம்" என்பார். இன்னொருவர் எதிரே வருகிற எல்லோருக்கும் பத்து டாலர் நீட்டுவார்.

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோரில் பலர் இப்போது இந்தக் கப்பல்களில் ஏறுகிறார்கள். அதனால் ராயல் கரீபியன், கார்னிவல், நார்வேஜியன், பிரின்சஸ் போன்ற அமெரிக்கச் சந்தையின் பெரிய கம்பெனிகளை வைத்தே இதை விளக்குகிறேன்.

முதலில் அந்தத் தினத் தொகை. சாதாரண கேபினில் தங்குபவருக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 16 முதல் 20 டாலர் வரை வரும். கார்னிவல் 2023-ல் இதை 16 டாலராக்கியது. ராயல் கரீபியன் 2024 நவம்பரில் 18.50 ஆக்கியது. சூட் எனப்படும் பெரிய அறைகளுக்கு இன்னும் இரண்டு மூன்று டாலர், சில கம்பெனிகளில் அதற்கும் மேல். ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை தொகை ஏறிக்கொண்டே இருக்கிறது. எனவே புக் செய்யும்போது உங்கள் கம்பெனியின் இன்றைய தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். முன்கூட்டியே கட்டிவிட்டால், நடுவில் விலை ஏறினாலும் பெரும்பாலும் பழைய தொகையே செல்லும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 18.50 டாலர், நான்கு பேர், ஏழு நாள்: 518 டாலர். நம் பணத்தில் நாற்பதாயிரம் ரூபாய்க்கு மேல். எண்ணைப் பார்த்ததும், "இவ்வளவு கொடுத்த பிறகு இன்னும் எதற்கு?" என்று கேட்பது நியாயம்தான். அதற்குப் பதில் சொல்ல, இந்த 518 டாலர் எங்கே போகிறது என்று தெரிய வேண்டும்.

சாப்பாட்டு மேசையில் பரிமாறும் வெயிட்டர், அவருடைய அசிஸ்டென்ட், அந்தப் பகுதி மேசைகளைக் கவனிக்கும் ஹெட் வெயிட்டர், அறையைச் சுத்தம் செய்யும் கேபின் ஸ்டூவர்ட் ஆகியோருக்கு இதில் பங்கு போகிறது. கம்பெனியைப் பொறுத்து, நாம் பார்க்கவே பார்க்காத பலருக்கும் போகிறது. கல்யாண வீட்டில் இலையில் பரிமாறுபவர் நம் கண்ணுக்குத் தெரிவார், பின்கட்டில் அண்டா தேய்ப்பவர் தெரியமாட்டார். கப்பலின் கீழ்த்தளங்களில் துணி வெளுப்பவர்களும் தட்டு கழுவுபவர்களும் அப்படித்தான்.

இந்தப் பங்கீட்டை டிஸ்னி கப்பல்கள் வெளிப்படையாகச் சொல்வதுண்டு. முன்பு அங்கே ஆளுக்கு ஓர் இரவுக்கு 12 டாலர் பரிந்துரைத்தபோது வெயிட்டருக்கு 4, அசிஸ்டென்டுக்கு 3, ஹெட் வெயிட்டருக்கு 1, ஸ்டூவர்டுக்கு 4 என்று பிரித்திருந்தார்கள். தொகை பிறகு கூடிவிட்டது. ஆனால் இந்த 4, 3, 1, 4 என்ற விகிதத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் உதவும்.

பழைய காலத்தில் இது வேறு மாதிரி நடந்தது. கடைசி இரவு அறைக்குக் கவர்கள் வரும். பயணிகள் அதில் பணத்தைப் போட்டு அவரவருக்கு நேரில் கொடுப்பார்கள். ஒரே மேசை, ஒரே நேரம், ஏழு நாளும் அதே வெயிட்டர் என்று இருந்தவரை அது சரியாக வந்தது. 2000-ல் நார்வேஜியன் கம்பெனி, எந்த நேரத்திலும் எந்த உணவகத்திலும் சாப்பிடலாம் என்ற முறையைக் கொண்டுவந்தது. தினம் ஒரு வெயிட்டர் என்றானால் கவரை யாருக்குக் கொடுப்பது? அறைக் கணக்கில் தானாகவே சேர்க்கும் முறை இப்படிப் பரவியது. ராயல் கரீபியன் 2013-ல் இதற்கு மாறியது.

இது அன்பளிப்பு மாதிரி தெரிந்தாலும் உண்மையில் அவர்களுடைய சம்பளத்தின் பெரும்பகுதி. இந்தக் கப்பல்கள் அமெரிக்கத் துறைமுகத்திலிருந்து கிளம்பினாலும் பஹாமாஸ், பனாமா, பெர்முடா போன்ற இடங்களில் பதிவானவை. அமெரிக்கக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் அவற்றைத் தொடாது. ஊழியர்கள் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா போன்ற நாடுகளிலிருந்து ஆறு முதல் ஒன்பது மாத ஒப்பந்தத்தில் வருகிறார்கள். வார விடுமுறை கிடையாது. 2013-ல் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, இருபத்துநான்கு மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரமும், வாரத்தில் குறைந்தது 77 மணி நேரமும் ஓய்வு தர வேண்டும் என்கிறது. வாரத்தின் 168 மணி நேரத்தில் 77 போனால் மீதி 91. ஊழியருக்குப் பாதுகாப்பாக வைத்த எல்லையே இவ்வளவு வேலையை அனுமதிக்கிறது.

அதனால் தினத் தொகையை எடுக்கச் சொல்வது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து. கெஸ்ட் சர்வீசஸ் கவுண்ட்டரில் கேட்டால் பல கம்பெனிகள் அதைக் குறைக்கவோ நீக்கவோ செய்யும், உரிமை இருக்கிறது. "எடுத்துவிட்டு, நல்லா கவனிச்சவங்களுக்கு நானே கையில் கொடுத்துக்கறேன்" என்று சிலர் சொல்வதும் கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் தட்டு கழுவுபவரைத் தேடிப்போய் யாரும் கொடுப்பதில்லை. தினத் தொகையை நீக்கிய பயணி கையில் கொடுத்த பணத்தை ஊழியர் பொதுக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்ற விதியும் சில கம்பெனிகளில் உண்டு. கவனிப்பில் குறை இருந்தால் இரண்டாம் நாளே கவுண்ட்டரில் சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் அன்றே சரியாகிவிடும். கடைசி நாள்வரை பொறுத்திருந்து பணத்தை வெட்டுவதால் உங்களுக்கும் பலனில்லை, அவர்களுக்கும் பலனில்லை.

மேலே கொடுப்பது எதற்காக?

சரி, 518 டாலர் கட்டியாகிவிட்டது. இதற்கு மேல் ஒரு பைசா கொடுக்காமல் இறங்கினாலும் நீங்கள் யாரையும் ஏமாற்றவில்லை. இதில் சங்கடப்பட எதுவுமே இல்லை. கூடுதல் டிப்ஸ் என்பது முழுக்க உங்கள் விருப்பம்.

விருப்பம் என்றாலும் ஒரு அளவுகோல் வேண்டுமே. டிக்கெட் விலையில் இத்தனை சதவீதம் என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். எனக்கு அது பொருத்தமாகப் படவில்லை. பால்கனி அறைக்கு இரண்டு மடங்கு விலை கொடுத்திருப்பீர்கள், அதனால் ஸ்டூவர்டின் வேலை இரண்டு மடங்காகிவிடாது. நான் சொல்வது ஒரே ஒரு கேள்வி: நம் குடும்பம் வந்ததால், வழக்கத்துக்கு மேல் யாருக்கு வேலை கூடியது? அதை யார் முகம் சுளிக்காமல் செய்தார்? அந்த ஆளுக்குக் கொடுங்கள். மற்றவர்களுக்குத் தினத் தொகை போய்ச் சேர்ந்துவிடும்.

இந்தக் கேள்வியை நம் குடும்பங்களுக்குப் பொருத்திப் பார்த்தால், பட்டியலில் முதலில் வருபவர் ஹெட் வெயிட்டர். குறிப்பாகச் சைவம் சாப்பிடுபவர்களுக்கு.

கப்பலின் பெரிய சாப்பாட்டுக் கூடத்தில் மெனுவில் 'வெஜிடேரியன்' என்று இருந்தாலும் அதில் முட்டை இருக்கலாம், சூப்பில் இறைச்சிச் சாறு இருக்கலாம். முதல்நாள் இரவே ஹெட் வெயிட்டரைக் கூப்பிட்டு, முட்டை வேண்டாம், மீன் சாஸ் வேண்டாம், அம்மாவுக்கு வெங்காயம் பூண்டு வேண்டாம் என்று விளக்கிச் சொன்னால், பல கப்பல்களில் மறுநாள் மெனுவை முந்தின இரவே கொண்டுவந்து காட்டுவார்கள். சோறு, பருப்பு, ஒரு காய்கறிக் கறி என்று கேட்டு வைத்தால் சமையலறையில் சொல்லிச் செய்து தருவார்கள். கப்பல் சமையலறைகளில் இந்தியச் சமையல்காரர்கள் இருப்பது சகஜம். ஆயிரக்கணக்கான பேருக்கு ஒரே நேரத்தில் உணவு போகிற இடத்தில், ஒரு மேசைக்கு மட்டும் தனியாகச் செய்ய வைத்து, அது வேறு மேசைக்குப் போய்விடாமல் பார்த்துக்கொள்வது சின்ன வேலை இல்லை. ஏழு இரவும் அதை ஒருவர் செய்கிறார் என்றால், அவருக்கு நீங்கள் கூடுதல் வேலை கொடுத்திருக்கிறீர்கள்.

மேலே சொன்ன 4, 3, 1, 4 விகிதம் நினைவிருக்கட்டும். அதில் ஹெட் வெயிட்டருக்கு ஒரு பயணியிடமிருந்து வரும் பங்குதான் ஆகச் சிறியது. பல மேசைகளை மேற்பார்ப்பவர் என்பதால் அப்படி வைத்திருக்கிறார்கள், பொதுவான பயணிகளுக்கு அது நியாயம்தான். ஆனால் சைவக் குடும்பத்துக்கு அதிகம் உழைப்பவர் அவரே. எனவே கையில் கொடுக்கும் பணத்தில் அவருக்கு நல்ல பங்கு போக வேண்டும். வாரத்துக்கு 20 முதல் 40 டாலர் என்பது மனதாரக் கொடுத்த தொகையாக இருக்கும். எட்டிப்பார்த்து "எல்லாம் நன்றாக இருக்கிறதா?" என்று கேட்டுவிட்டு மட்டும் போன ஹெட் வெயிட்டருக்கு இது பொருந்தாது.

அடுத்தது கேபின் ஸ்டூவர்ட். இவருக்குக் கொடுப்பதை ஆள் கணக்கில் பார்க்காமல் அறைக் கணக்கில் பாருங்கள். ஓர் அறையில் தனியாகத் தங்குபவரிடமிருந்து ஒரு பங்குதான் தினத் தொகை போகிறது. ஆனால் குளியலறை ஒன்றுதான், கட்டில் ஒன்றுதான், வேலை பாதியாகக் குறைவதில்லை. நான்கு பேர் ஒரே அறையில் இருந்தால் நிலைமை வேறு: மேலே மடித்து வைத்திருக்கும் படுக்கையை இறக்கி விரிக்க வேண்டும், திரும்ப மடிக்க வேண்டும், ஈரத் துண்டுகள் குவியும், கடற்கரை மணல் தரையெல்லாம் இருக்கும். 2020-க்குப் பிறகு பல கம்பெனிகள் சாதாரண அறைகளில் ஒரு நாளைக்கு இரண்டுமுறை சுத்தம் செய்வதை ஒருமுறையாகக் குறைத்துவிட்டன. நமக்குச் சேவை குறைந்தது மாதிரி தெரியும். ஸ்டூவர்டுக்கு வேலை குறைந்ததா என்றால், அதற்கு ஏற்றபடி அறைகளின் எண்ணிக்கையைக் கூட்டி விடுகிறார்கள்.

ஒரு வாரத்துக்கு அறைக்கு 20 முதல் 40 டாலர் பலரும் கொடுப்பது. குழந்தைக்கு உடம்பு சரியில்லாமல் படுக்கையில் வாந்தி எடுத்து, நள்ளிரவில் விரிப்பு மாற்ற வேண்டி வந்திருந்தால், நான் 50-க்குக் குறைத்துக் கொடுக்கமாட்டேன். அந்த இரவு முடிந்த மறுநாளே கொடுத்துவிடுவது இன்னும் நல்லது.

வெயிட்டரும் அசிஸ்டென்டும் நிலையான மேசை, நிலையான நேரம் எடுத்தவர்களுக்குத்தான் பெரிய விஷயம். ஏழு இரவும் அதே இருவர். மூன்றாம் இரவு வருவதற்குள் பாட்டிக்கு வெந்நீர், குழந்தைக்கு உறைப்பு இல்லாத உணவு என்று கேட்காமலே வரும். வெயிட்டருக்கு 20 முதல் 30, அசிஸ்டென்டுக்கு 15 போல. இருவருக்கும் தனித்தனிக் கவரில் கொடுங்கள், ஒருவரிடம் கொடுத்துப் பிரித்துக்கொள்ளச் சொல்லாதீர்கள். தினம் ஒரு மேசையில் உட்கார்ந்தவர்கள், அல்லது பெரும்பாலும் பஃபேயிலேயே சாப்பிட்டவர்கள், இதைத் தாராளமாக விட்டுவிடலாம். பஃபேயில் தினமும் காலையில் உங்கள் அம்மாவின் தட்டை எடுத்துக்கொண்டு மேசை தேடிக் கொடுத்த ஊழியர் இருந்தால், அவருக்கு ஐந்தோ பத்தோ.

கையெழுத்துப் போடும் முன் ரசீதைப் பாருங்கள்

பாரில் நிலைமை வேறு. அங்கே ஒவ்வொரு பானத்துக்கும் கம்பெனியைப் பொறுத்து 18 அல்லது 20 சதவீதம் டிப்ஸ் தானாகவே சேர்ந்திருக்கும். 12 டாலர் காக்டெய்ல் 18 சதவீதத்தோடு 14.16 ஆகிவிடும். இதில் புதியவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ரசீதில் 'கூடுதல் டிப்ஸ்' என்று ஒரு காலி வரி இருக்கும். அதைப் பார்த்ததும் டிப்ஸ் இன்னும் சேர்க்கவில்லை என்று நினைத்து இன்னொரு 15 சதவீதம் எழுதிவிடுவார்கள். வேண்டாம். அந்த வரியில் ஒரு கோடு கிழித்துவிட்டுக் கையெழுத்துப் போடலாம். குடிபான பேக்கேஜ் வாங்கினாலும் பேக்கேஜ் விலையிலேயே இந்தச் சதவீதம் சேர்ந்துவிடுகிறது. 'இலவசம்' என்று விளம்பரம் செய்யும் பேக்கேஜுக்கும், அதன் மதிப்பைக் கணக்கிட்டு டிப்ஸ் மட்டும் முதலிலேயே வாங்கிவிடுவார்கள். ஸ்பாவிலும், தனிக் கட்டண உணவகங்களிலும் இப்படித்தான்.

அறைக்குச் சாப்பாடு கொண்டுவருபவருக்கு ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று டாலர் கொடுப்பது வழக்கம். குழந்தைகள் கிளப்பில் பார்த்துக்கொள்பவர்களுக்குத் தினத் தொகையில் பங்கு கிடைப்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். உங்கள் குழந்தை அழுகையை நிறுத்தி அங்கேயே இருக்க ஆசைப்படுகிறதென்றால் அவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். நார்வேஜியனில் சூட் அறைகளைக் கவனிக்கும் பட்லருக்குத் தினத் தொகை போவதில்லை, அவருக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும். கேப்டனுக்கும் அதிகாரிகளுக்கும் கொடுக்கக் கூடாது.

கரையில் இறங்கிச் சுற்றிப் பார்க்கும்போது வரும் வழிகாட்டியும் டிரைவரும் கப்பல் ஊழியர்கள் இல்லை. பஹாமாஸின் நசாவ் நகரிலோ மெக்சிகோவின் கொசுமெல் தீவிலோ வாழும் உள்ளூர்க்காரர்கள். கப்பல் மூலமாகவே டூர் புக் செய்திருந்தாலும் உங்கள் தினத் தொகை அவர்களைப் போய்ச் சேராது. அரைநாள் டூர் என்றால் வழிகாட்டிக்கு ஆளுக்கு மூன்று முதல் ஐந்து டாலர், டிரைவருக்கு ஒன்றிரண்டு.

பணத்தை எப்படிக் கொடுப்பது?

கூடுதல் தொகையை அறைக் கணக்கிலும் சேர்க்கச் சொல்லலாம். ஆனால் நோட்டாகக் கையில் கொடுப்பதே நல்லது, அன்றே அவருக்குப் பயன்படும். கிளம்பும் முன் வங்கியில் ஒரு டாலர், ஐந்து டாலர், பத்து டாலர் நோட்டுகளாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். கப்பல் கவுண்ட்டரிலும் சில்லறை மாற்றித் தருவார்கள், கடைசி நாளில் வரிசை நீளமாக இருக்கும். பயணத்தில் மிஞ்சிய வேறு நாட்டு நாணயங்களை டிப்ஸாகக் கொடுக்காதீர்கள். நாணயங்களை மாற்றிக்கொள்வது ஊழியர்களுக்குச் சிரமம். அவர்கள் ஊர்ப்பக்கம் எதிலும் அது செல்லாது.

முதல் நாளே கொடுத்தால் நன்றாகக் கவனிப்பார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. கூடுதல் தலையணை, பால் வைக்க ஃப்ரிட்ஜில் இடம், சக்கர நாற்காலிக்கு வழி என்று தேவைகள் இருப்பவர்கள் முதல் நாள் 10 டாலரும் கடைசியில் மீதியும் கொடுக்கலாம், தப்பில்லை. அப்படிக் கொடுக்காவிட்டாலும் கேட்டதைச் செய்வார்கள். மற்றவர்களுக்குக் கடைசிக்கு முந்தின இரவுதான் சரியான நேரம் என்று நினைக்கிறேன். கடைசி இரவு பெட்டியை வெளியே வைக்கும் அவசரம், மறுநாள் காலை ஸ்டூவர்ட் அடுத்த பயணிகளுக்காக ஓடிக்கொண்டிருப்பார், பிடிக்கவே முடியாது.

பணத்தோடு இன்னொன்றும் செய்யுங்கள். கம்பெனி அனுப்பும் கருத்துப் படிவத்தில் அவர்களுடைய பெயரையும், என்ன செய்தார்கள் என்பதையும் எழுதுங்கள். பெயர் சொல்லிப் பாராட்டுவது மேலதிகாரிகளின் கண்ணில் படும், அடுத்த ஒப்பந்தத்துக்கும் பதவி உயர்வுக்கும் உதவும். பட்ஜெட் இறுக்கமாக இருப்பவர்கள் இதை மட்டும் செய்தாலும் பெரிய உதவிதான்.

இனி அந்த நால்வர் குடும்பத்துக்கு வருவோம். கணவன், மனைவி, குழந்தை, வயதான அம்மா. ஒரே அறை, நிலையான மேசை, சைவம். ஸ்டூவர்டுக்கு 40, ஹெட் வெயிட்டருக்கு 30, வெயிட்டருக்கு 25, அசிஸ்டென்டுக்கு 15. மொத்தம் 110. காலை காபி கொண்டுவருபவர், அறைக்கு உணவு கொண்டுவருபவர் என்று சின்னச் சின்னதாக 20 வையுங்கள். 130 டாலர் ஆகிறது, தினத் தொகையில் கால்வாசி. இது தாராளமான கணக்கு. பாதியாக்கினாலும் யாரும் குறையாக நினைக்கமாட்டார்கள். பாதியாக்கும்போது எல்லோருக்கும் சமமாகக் குறைப்பதைவிட, அதிகம் சிரமப்பட்ட ஒருவரோ இருவரோ முழுத் தொகை பெறும்படி செய்யுங்கள்.

எல்லாக் கம்பெனிகளுக்கும் இது பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சில்வர்சீ, ரீஜென்ட், சீபோர்ன் போன்ற விலை உயர்ந்த கம்பெனிகள் டிப்ஸைக் கட்டணத்திலேயே சேர்த்துவிடுகின்றன. பிரிட்டனின் பி அண்ட் ஓ குரூசஸ் 2019 மே மாதத்திலிருந்து தினத் தொகையையே எடுத்துவிட்டது. அங்கெல்லாம் யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஆனால் வேலை கூடியது யாருக்கு என்ற கேள்வி அங்கேயும் செல்லும்.

அப்புறம், கப்பலை விட்டு இறங்கும் முன் எல்லா நோட்டையும் காலி செய்துவிடாதீர்கள். துறைமுகத்தில் பெட்டிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றி வாசல்வரை கொண்டுவரும் போர்ட்டர்கள் கப்பல் கம்பெனியைச் சேர்ந்தவர்கள் இல்லை. பெட்டிக்கு ஒன்றிரண்டு டாலர் வீதம், ஏறும் நாளுக்கும் இறங்கும் நாளுக்கும் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.